ஜோடியாகத்தான் கொடுப்பேன்

ஜூன் 3, திங்கள்

வெள்ளிக்கிழமையோடு மில் வேலை முடிந்தது. முப்பத்துநான்கு வருடம். பிரிவு உபசாரத்தில் ஒரு சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம், இந்த டைரி. டைரியில் ஐந்து மாதம் காலியாகவே போய்விட்டது.

எனக்கு டைரி எழுதும் வழக்கம் கிடையாது. ஆனால் நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவை நடத்தியவனுக்குப் பதிவேடு இல்லாமல் எந்த வேலையும் ஓடாது. இப்போது ஒரு வேலை வந்திருக்கிறது. ராக் இசை கேட்க நல்ல ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்க வேண்டும்.

இருக்கிற ஜோடி 1996இல் வாங்கியது. மகள் மிருதுளா பிறந்த வருடம். அடிச் சத்தம் இன்னும் அருமையாக இருக்கிறது. ஆனால் டிரம்ஸில் மேலே தொங்கும் பித்தளைத் தட்டு, அதுதான் சிம்பல், அது இரண்டு மூன்று வருடமாகக் கேட்பதே இல்லை. உச்ச ஸ்தாயிச் சத்தத்தைத் தரும் ட்வீட்டர் செத்துவிட்டது என்று முடிவு செய்திருக்கிறேன்.

மனைவி அம்சவேணியிடம் சொன்னேன். “ட்வீட்டரா செத்துச்சு? எனக்கென்னமோ” என்று ஆரம்பித்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். மீதி கேட்கவில்லை. இப்போதெல்லாம் அவள் பாதி வாக்கியத்தோடு எழுந்து போய்விடுகிறாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் பேசியவளுக்கு வாய் களைத்திருக்கும்.

ஜூன் 6, வியாழன்

ஆர்.எஸ்.புரத்தில் இம்தியாஸ் கடை. அவருக்கு நாற்பது வயதிருக்கும். ஸ்பீக்கர் விற்கிறவருக்கு இருக்க வேண்டிய வாய் இவருக்கு இல்லை. நாம் கேட்டால்தான் பேசுகிறார், அதுவும் மெதுவாக. உள்ளே கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அறை, தரையில் கம்பளம், நடுவில் ஒரே ஒரு சோபா.

“என்ன மாதிரி பாட்டு சார் கேப்பீங்க?”

“ராக்.”

“சத்தமாவா?”

“வேற எப்பிடிக் கேக்கறது?”

முதலில் அலமாரியில் வைக்கிற சிறிய ஜோடியைப் போட்டுக்காட்டினார். நான் கையோடு கொண்டுபோன இசைத்தட்டுதான் என் சோதனைக் கருவி. மேடையில் நேரடியாகப் பதிவு செய்தது. நான்காவது நிமிடத்தில் கிட்டார்காரர்கள் எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். டிரம்மர் மட்டும் குச்சியின் நுனியால் பெரிய சிம்பலைத் தட்டிக்கொண்டிருப்பார், தகரக் கொட்டகை மேல் தூறல் விழுகிற மாதிரி. 1984இல் கல்லூரி விடுதியில் முதன்முதலாகக் கேட்டபோது எனக்குக் கையில் மயிர் நின்றது.

இன்று நான்காவது நிமிடத்தில் ஒன்றுமில்லை. டிரம்மர் டீ குடிக்கப் போயிருந்தார்.

“கேக்கலீங்களா சார்?” என்றார் இம்தியாஸ்.

“இருந்தாத்தானுங்க கேக்கும்.”

அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையாட்டினார். தன் சரக்கின் குறையை ஒப்புக்கொள்கிற வியாபாரி அபூர்வம்.

முதல் ஜோடி: நிராகரிப்பு.

ஜூன் 9, ஞாயிறு

காலையில் ஆட்கள் வந்து சமையலறைக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்துவிட்டுப் போனார்கள். நான்தான் சரி என்றேனாம். போன வாரம் அவள் “மஞ்சள் அரைக்கட்டுமா” என்று கேட்டது நினைவிருக்கிறது. “சரி, நிறையவே அரை” என்று சொன்னதும் நினைவிருக்கிறது. பெயிண்டைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஜூன் 13, வியாழன்

மறுபடி இம்தியாஸ். இன்று தரையில் நிற்கிற ஜோடி, என் இடுப்பு உயரம். ஒவ்வொன்றிலும் அடிச் சத்தம் தரும் எட்டு அங்குல வூஃபர் இரண்டு. ராக் இசைக்கு முக்கியமானது இதுதான்: கால் டிரம்மும் பேஸ் கிட்டாரும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். சிறிய ஸ்பீக்கரில் இரண்டும் கலந்து கூழாகிவிடும். இதில் டிரம் நெஞ்சில் இடித்தது, கிட்டார் வயிற்றில் நடந்தது. கிட்டத்தட்ட வாங்கியே இருப்பேன். நான்காவது நிமிடம் வந்தது. சிம்பல் இல்லை.

இம்தியாஸ் தன் கணினியிலிருந்து விசில் மாதிரி ஒரு சத்தத்தைப் போட்டார். அது கீச்சென்று மேலே ஏறிக்கொண்டே போகும். “சத்தம் நின்னவுடனே கை தூக்குங்க சார்” என்றார். தூக்கினேன்.

“இன்னும் நிக்கல சார்.”

“நின்னுருச்சுங்க.”

அவர் ஏதோ சொன்னார். நான் கணினியின் ஒலி அட்டையை மாற்றச் சொல்லி ஆலோசனை கொடுத்தேன். ரொம்பப் பணிவாகக் கேட்டுக்கொண்டார். நல்ல மனிதர். கருவிகளைத்தான் சரியாக வைத்துக்கொள்ளவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

எங்கள் அடுக்ககத்தில் பன்னிரண்டு வீடு. இன்று மொட்டைமாடியில் சங்கக் கூட்டம். நிற்கும் மின்விசிறி ஒன்றைக் கொண்டுவந்து ஓடவிட்டிருந்தார்கள், எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். ஒரு கட்டத்தில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மரியாதைக்காகச் சரி என்று தலையாட்டினேன். கை தட்டினார்கள்.

நான் இப்போது அடுக்ககச் சங்கத்தின் செயலாளர். சாவிக்கொத்து, தண்ணீர் மோட்டார் நேர அட்டவணை, ரப்பர் முத்திரை எல்லாவற்றையும் என் கையில் கொடுத்துவிட்டார்கள். அம்சவேணி மாடிப்படி முழுக்கச் சிரித்துக்கொண்டே இறங்கினாள். என்ன வேடிக்கை என்று கேட்டேன். “ஒன்னுமில்லீங்க” என்றாள். இதுமட்டும் தெளிவாகக் கேட்டது.

ஜூன் 18, செவ்வாய்

மிருதுளா பெங்களூரிலிருந்து போன் செய்தாள். பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு பேசியிருக்கிறாள் போல, ஒரே ஹாரன். போன வாரம் அவளிடம் அங்கே நல்ல ஸ்பீக்கர் கடை இருந்தால் பார்த்து வை என்று சொல்லியிருந்தேன். அதைப் பற்றித்தான். “ரெண்டு வருசமா” என்றாள், “நல்லா யோசிச்சு” என்றாள், “ரொம்பப் பிடிச்சிருக்குப்பா” என்றாள். நடுநடுவே லைன் விட்டுவிட்டு வந்தது. கடைசியில், “நீங்க என்ன சொல்றீங்க?”

நான் சொன்னேன்: “பிடிச்சிருந்தா முடிச்சிரு கண்ணு. இதுக்குமேல தள்ளிப்போடாத. ஆனா ஒன்னு, வீட்டுக்கு வரவச்சு ஒரு வாரம் பாக்கோணும். வெளிய நல்லா இருக்கறது வீட்டுக்குள்ள வந்தா வேற மாதிரி சத்தம் போடும்.”

நியாயமான ஆலோசனை. கடை அறை வேறு, நம் கூடம் வேறு. அந்தப் பக்கம் அழுகிற மாதிரி ஏதோ கேட்டது. தொலைபேசி நிறுவனங்கள் காசு வாங்குகிற அளவுக்கு லைன் கொடுப்பதில்லை.

ஜூன் 19, புதன்

பண்டிகை ஒன்றும் இல்லாமல் வீட்டில் பருப்புப் பூரணம் வைத்த ஒப்புட்டு. நெய் விட்டுச் சுட்டு, தட்டில் நான்கு வைத்தாள். என்ன விசேஷம் என்று கேட்டேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டே ஏதோ நீளமாகச் சொன்னாள். சரி என்றேன். ஐந்தாவது கிடைத்தது.

ஜூன் 23, ஞாயிறு

செயலாளர் என்ற முறையில் முதல் புகார். மூன்றாம் மாடிக்காரர் கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறார். மத்தியான வேளையில் ஒரு வீட்டிலிருந்து தாங்க முடியாத டிரம்ஸ் சத்தம் வருகிறதாம், அவர் வீட்டுப் பரணில் பித்தளைப் பாத்திரங்கள் தானாக நகர்கின்றனவாம். கண்டிப்பான நடவடிக்கை வேண்டுமாம்.

எந்த வீடு என்று பார்த்தேன். எங்கள் வீடு.

செயலாளர் பாரபட்சம் காட்டக் கூடாது. எச்சரிக்கைக் கடிதம் ஒன்றைத் தயாரித்து, முத்திரை குத்தி, எனக்கே அனுப்பிக்கொண்டேன். பிறகு குடியிருப்பவர் என்ற முறையில் அதற்கு ஒரு விளக்கக் கடிதம் எழுதினேன்: ட்வீட்டர் பழுதானதால் சத்தத்தைக் கூட்ட வேண்டியிருக்கிறது, விரைவில் புதியது வரும். விளக்கம் திருப்திகரமாக இருந்ததால் புகாரை முடித்துவைத்தேன்.

ஜூன் 27, வியாழன்

பழைய ஜோடியை விற்க இணையத்தில் விளம்பரம் போட்டிருந்தேன். ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலை வந்து பார்க்கிறேன் என்று செய்தி அனுப்பியிருக்கிறார். அம்சவேணியிடம், “ஞாயித்துக்கிழமை பாக்க வர்றாங்க” என்றேன். அவள் ஆச்சரியமாக, “உங்களுக்குத் தெரியுமா?” என்றாள். எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

ஸ்பீக்கர்களைத் துடைத்து எலுமிச்சை மணம் வருகிற பாலீஷ் போட்டேன்.

ஜூன் 30, ஞாயிறு

இன்று நடந்ததை அப்படியே எழுதிவைக்கிறேன். ஏதோ ஒன்று பிடிபடவில்லை.

பத்து மணிக்கு வந்தார்கள். புருஷன் பெஞ்சாதி இருவரும். ஞானராஜ் என்று பெயர் சொன்னார், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த அம்மா பெயர் ஸ்டெல்லா. தூத்துக்குடியிலிருந்து வருகிறார்களாம். பழைய ஸ்பீக்கருக்காக அவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்றதும் எனக்கு மனது நிறைந்துவிட்டது. என் வயதில் இன்னும் ரசிகர்கள் இருக்கிறார்கள்.

அவர் வேகமாகப் பேசினார், அந்தப் பக்கத்துப் பேச்சு வேறு. பாதிதான் பிடிபட்டது.

“நீங்க சரின்னு சொல்லிட்டீங்கன்னு பையன் சொன்னான் சார். எங்களுக்கு ரொம்ப சந்தோசம்.”

செய்தி அனுப்பியது பையன் போலிருக்கிறது. “பிடிச்சுப் போச்சுன்னா நான் எதுக்குங்க தடுக்கறேன்?” என்றேன். “இருவத்தெட்டு வருசம் கண்ணுக்குள்ள வச்சுப் பாத்திருக்கறேன். ஒரு கீறல் விழ விட்டதில்ல. உங்க வீட்டுலயும் அப்படி வச்சுக்குவீங்கன்னா எனக்கு அது போதும்.”

ஸ்டெல்லா அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “எங்க சொந்த மக மாதிரி பாத்துக்கிடுவோம்” என்றார். கொஞ்சம் அதிகமாகப் பட்டது. ஆனால் சாமான்களிடம் பிரியம் வைக்கிறவர்களை எனக்குப் பிடிக்கும்.

விற்கும் பொருளின் குறையை மறைக்கக் கூடாது என்பது என் கொள்கை. “ஒரு விசயம் இப்பவே சொல்லிப்போடறேனுங்க. பழசுதான. கொஞ்ச நாளா மேல் சத்தம் சரியா வர்றதில்ல. ஆனா அடிச் சத்தம் பயங்கரமா இருக்கும். ஊரே அதிரும்.”

ஞானராஜ் தம் மனைவியைப் பார்த்தார். “அப்படியா சார்? பாத்தா அமைதியா தெரிஞ்சுதே” என்றார்.

“செவுத்தோட ஒட்டி நிறுத்தினா உறுமும். ரெண்டடி தள்ளி நிறுத்துங்க, அடங்கிரும்.”

அம்சவேணி காபித் தட்டோடு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்ப உள்ளே போனாள். இரண்டு நிமிடம் கழித்துத்தான் காபி வந்தது.

“இன்னொன்னுங்க” என்றேன். “ஜோடியாகத்தான் குடுப்பேன். பிரிச்செல்லாம் குடுக்க மாட்டேன். ஜோடி சேந்தாத்தான் அதுக்கு மதிப்பே.”

ஞானராஜ் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “இப்படி ஒரு பெரிய மனசு எங்களுக்குக் கெடைக்கும்னு நெனைக்கல சார். எங்க பக்கமும் உங்க பக்கமும் நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. ஜோடியப் பிரிக்கக் கூடாதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க.” இது எனக்கு முழுக்கக் கேட்டது. ஆனால் ஸ்பீக்கர் வாங்குவதற்கு ஊரில் யார் என்ன பேசப் போகிறார்கள்?

போகும்போது ஒரு தாம்பாளத்தில் ஆப்பிள், மாதுளை, மல்லிகை, ஒரு பட்டுப்புடவை எல்லாம் வைத்துக் கொடுத்தார்கள். ஸ்பீக்கரை எடுத்துப் போகவில்லை. “தேதி குறிச்சிட்டு முறையா வாறோம்” என்றார்கள்.

இருபத்தெட்டு வருடப் பழைய ஸ்பீக்கருக்கு நாள் பார்க்கிறவர்களை இன்றுதான் பார்க்கிறேன்.

அதே பக்கம், வேறு கையெழுத்து

எழுதினால்தான் உங்களுக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்கிறது. அதனால் எழுதுகிறேன்.

இன்று வந்தவர்கள் ஸ்பீக்கர் வாங்க வரவில்லை. அவர்கள் மகன் பெயர் ஆல்வின். நம் மிருதுளாவோடு ஒரே அலுவலகம். இரண்டு வருடப் பழக்கம். பதினெட்டாம் தேதி அவள் போனில் உங்கள் சம்மதத்தைக் கேட்டாள். பிடித்திருந்தால் முடித்துவிடு, தள்ளிப்போடாதே, வீட்டுக்கு வரவழைத்துப் பார்க்க வேண்டும் என்று சொன்னீர்கள். ஒப்புட்டு அதற்காகத்தான். அதையும் அன்றைக்கே சொன்னேன். நீங்கள் சரி என்று ஐந்தாவதைக் கேட்டீர்கள்.

ஸ்பீக்கர் வாங்க நிஜமாகவே ஓர் ஆள் வந்தார். காவலாளியிடம் சொல்லிக் கீழேயே திருப்பி அனுப்பிவிட்டேன்.

முப்பது வருடம் லைன் பார்த்தவள் நான். எந்த முனையில் பழுது என்று எனக்குத் தெரியும். மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அம்சவேணி

ஜூலை 1, திங்கள்

டைரியை இனி பீரோவில் பூட்டி வைக்க வேண்டும்.

ஜூலை 3, புதன்

இரண்டு நாளாக வீட்டில் பேச்சில்லை. நான் பேசவில்லை. அவள் பேசுகிறாளா இல்லையா என்பது தெரியவில்லை.

தூத்துக்குடி. வேறு ஆட்கள், வேறு சாமி. என் பங்காளிகள் எட்டு வீடு, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நாட்டாமை. என்னிடம் ஒழுங்காகக் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியும். அதை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை.

இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் அதற்கு முதலில், அன்றைக்கு எனக்குக் கேட்கவில்லை என்று சொல்லியாக வேண்டும். அங்கேதான் சிக்கல். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

மனது சரியில்லாமல் இம்தியாஸ் கடைக்குப் போனேன். போன வாரம் இன்னும் இரண்டு ஜோடி போட்டுக் கேட்டிருந்தேன், அதில் ஊதுகுழல் வாய் வைத்த ஜோடியைக் காட்டி, இதையே கட்டிக் கொடுங்கள் என்றேன். ராக் இசைக்கென்றே செய்த மாதிரி இருக்கும். சின்ன ஆம்ப்ளிஃபயரிலேயே அறை நிறைந்துவிடும்.

“இத உங்களுக்கு இப்ப விக்க மாட்டேன் சார்.”

“ஏனுங்க, காசு கசக்குதுங்களா?”

“ஒரு மாசம் கழிச்சு இதுலயும் சிம்பல் இல்லைன்னு வருவீங்க. நாலு ஜோடி போட்டுக் காட்டிட்டேன் சார். நாலுலயும் அந்த டிரம்மர் இருந்தாரு. நான் கேட்டேன்.” நிறுத்தி நிறுத்தி, என் முகத்துக்கு நேராகச் சொன்னார். ஒரு எழுத்துகூட விடுபடவில்லை. பிறகு ஒரு காது மருத்துவரின் அட்டையை என் இசைத்தட்டு உறைக்குள் வைத்துக் கொடுத்தார்.

வியாபாரம் தெரியாத ஆள்.

ஜூலை 5, வெள்ளி

வேறு வேலையாக அந்தப் பக்கம் போயிருந்தேன். மருத்துவமனை வாசலில் நிழல் இருந்தது. உள்ளேயும் போய்விட்டேன்.

ஒரு பெட்டி மாதிரி அறையில் உட்காரவைத்து, காதில் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். பல சமயம் கேட்காமலே அழுத்தினேன், ஊகித்து. வெளியே வந்ததும் டாக்டரம்மா சிரித்தார். “நான் சத்தமே அனுப்பாதப்பகூட அழுத்துனீங்க” என்றார்.

வரைபடத்தைக் காட்டினார். வரைபடம் படிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கீழ்ச் சத்தங்களில் கோடு ஒழுங்காகப் போகிறது. மூவாயிரம் ஹெர்ட்ஸைத் தாண்டியதும் மேட்டிலிருந்து விழுந்த மாதிரி இறங்குகிறது. இரண்டு காதிலும். சிம்பல் அந்தப் பள்ளத்துக்குள்தான் இருக்கிறது. பேச்சில் ச, த, க எல்லாமும் அங்கேதான் விழுகின்றனவாம். பெண்களின் குரலும்.

“எங்க வேலை பாத்தீங்க?”

“ஸ்பின்னிங் மில்லுங்க.”

அவர் தலையாட்டினார், ஆயிரம் பேரைப் பார்த்த மாதிரி.

என் பிரிவில் காதடைப்பான் மாட்டாமல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் போன ஆட்களை நான் அரை நாள் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். நான் மட்டும் மாட்டியதில்லை. நூல் சுற்றுகிற ஸ்பிண்டில்களில் எது கெட்டிருக்கிறது என்று கேட்டே சொல்லிவிடுவேன், அது எனக்கு ஒரு பெருமை. முப்பத்துநான்கு வருடம் அந்தப் பெருமையோடு நடந்தேன்.

கருவி அடுத்த வாரம் வரும். இது அம்சவேணிக்குத் தெரிய வேண்டியதில்லை.

ஜூலை 12, வெள்ளி

இரண்டு காதிலும் மாட்டியாகிவிட்டது. அவரை விதை அளவு, காதுக்குப் பின்னால். முடி வெட்டி இரண்டு மாதமாகிறது, அதனால் வெளியே தெரியாது.

வீட்டுக்குள் நுழைந்ததும் யாரோ தாளைக் கசக்குகிற மாதிரி ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்லை. என் சட்டைதான். குளிர்சாதனப் பெட்டி பாடுகிறது. கடுகு வெடிக்கிறது. என் செருப்பு இவ்வளவு கேவலமாகக் கத்தும் என்று யாருமே சொல்லவில்லை. சொல்லியிருப்பார்கள்.

ஜூலை 13, சனி

ஒட்டுக் கேட்பது தவறு. ஆனால் கூடத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பவன் காதில் விழுவது ஒட்டுக் கேட்பதாகாது.

அம்சவேணி சமையலறையில் மிருதுளாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். குரலைத் தணிக்கவே இல்லை. நான்தான் பத்தடி தூரத்தில் இருக்கிறேனே, அது அவள் கணக்கில் பக்கத்து ஊர்.

“அப்பா இன்னும் உம்முன்னுதான் இருக்கறாரு. ஆனா வேண்டாம்னும் சொல்லல பாரு... ஆமா, பஸ் ஸ்டாண்டுல நின்னு பேசுன்னு நாந்தான சொன்னேன்? அமைதியான எடத்துல கேட்டிருந்தா உங்கப்பனுக்கு ஒரு வேள கேட்டுத் தொலைச்சிருக்கும்.”

செய்தித்தாளை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தைத் திருப்பினால் அந்தச் சத்தத்தில் அடுத்தது கேட்காமல் போய்விடும்.

செயலாளர் பதவிக்கு என் பெயரைச் சொன்னதும் அவள்தானாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

கோபம் வந்தது. ரொம்ப வந்தது. ஆனால் அவள் சிரிக்கிறபோது கடைசியில் ஒரு சின்ன விசில் வரும், முன்பல் இடைவெளியில். கல்யாணமான புதிதில் அதைக் கேட்கவே ஏதாவது சொல்லுவேன். அது எப்போது நின்றது என்று நான் யோசித்ததே இல்லை. நிற்கவில்லை போலிருக்கிறது.

ஜூலை 14, ஞாயிறு

காலை காபியோடு வந்தவள், முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் திரையைச் சரிசெய்தபடி, தணிந்த குரலில் கேட்டாள்: “ஏனுங்க, என்ற தங்கச்சி குடும்பம் வந்து ரெண்டு மாசம் இங்கயே தங்கிக்கட்டுமுங்களா?”

“பத்து நாள் போதும்” என்றேன், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

திரை பாதியில் நின்றது. மெதுவாகத் திரும்பினாள். பக்கத்தில் வந்து என் காதோரத்து முடியை ஒரு விரலால் ஒதுக்கிப் பார்த்தாள். மறு காதையும் பார்த்தாள்.

“எத்தன நாளா?”

“வெள்ளிக்கிழமையிலிருந்து.”

“நேத்து நான் போன்ல பேசுனது?”

“பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டேன்.”

நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். “சரி, இப்பச் சொல்லுங்க. அந்தப் பையன் விசயத்துல என்ன பண்ணப் போறீங்க?” என்றாள்.

அவள் என்னிடம் ஒன்றை இப்படி நேருக்கு நேராகக் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது. மிருதுளாவை வரச் சொல் என்றேன்.

ஜூலை 16, செவ்வாய்

அம்சவேணி ரேஷன் கடைக்குப் போயிருந்தபோது பழைய ஸ்பீக்கரில் இசைத்தட்டைப் போட்டேன். நான்காவது நிமிடம். டிரம்மர் வந்துவிட்டார். முழுசாக, தூறல் மாதிரி. ட்வீட்டருக்கு ஒன்றுமே ஆகவில்லை.

இதை வீட்டில் சொல்லவில்லை. புது ஸ்பீக்கர் வாங்குவது என்று முடிவெடுத்த பிறகு இப்படிப்பட்ட தகவல்களால் குழப்பம்தான் வரும்.

ஜூலை 21, ஞாயிறு

மிருதுளா நேற்று வந்தாள். சாப்பிடும்போது மூன்று பேரும் வெண்டைக்காயைப் பற்றி மட்டும் பேசினோம். இன்று காலை அவளை இம்தியாஸ் கடைக்கு அழைத்துப் போனேன். “இருக்கறதுலயே அமைதியான எடம் கோயம்புத்தூர்ல இதுதான்” என்றேன். இம்தியாஸ் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, பாட்டுப் போடாமல் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எதிரில் இரண்டு ஜோடி இருந்தன. இடுப்பு உயரத்தில் ஒன்று, அலமாரியில் வைக்கிற சின்னது ஒன்று. நாங்கள் இருவரும் சோபாவில் உட்கார்ந்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“அன்னைக்கு நீ போன்ல பேசுனது எனக்குச் சரியாக் கேக்கல கண்ணு” என்றேன். அறுபது வயதில் ஒரு வாக்கியத்தைச் சொல்ல இவ்வளவு மூச்சு தேவைப்படும் என்று நினைக்கவில்லை.

“தெரியும்ப்பா.”

“தெரிஞ்சும் எதுக்கு அழுத?”

அவள் கொஞ்ச நேரம் கம்பளத்தைக் காலால் தேய்த்தாள். அந்தச் சத்தமும் கேட்டது. “கேக்காமயாவது சரின்னு சொன்னீங்களேன்னு.”



“இப்பக் கேளு” என்றேன்.

“வேண்டாம்ப்பா.”

“கேளு கண்ணு.”

“இப்பக் கேட்டா நீங்க இல்லைன்னு சொல்லீட்டீங்கன்னா? அன்னைக்குச் சொன்ன சரியே எனக்குப் போதும். அத நான் வச்சுக்கறேன்.” குரல் மெல்லிசாக நடுங்கியது. அவள் குரலில் அப்படி ஒரு நடுக்கம் இருக்கிறது என்பதே எனக்குப் புதிது. அவள் கல்லூரி சேர்ந்தபோதும், வேலைக்குப் போனபோதும், எத்தனை தடவை இந்த நடுக்கத்தோடு என்னிடம் ஏதாவது கேட்டிருப்பாள் என்று தெரியவில்லை.

ஆனாலும் கேட்டாள். ஆல்வினைப் பற்றி, முதலில் இருந்து. அவனுக்குக் காய்ச்சல் வந்தால் யாரையும் பக்கத்தில் விடமாட்டானாம், இவளுக்கு வந்தால் கஞ்சி வைத்துக்கொண்டு வாசலிலேயே நிற்பானாம். தன் அம்மாவோடு தினமும் சண்டை போட்டுத் தினமும் போன் செய்வானாம். கால் மணி நேரம் சொன்னாள். நான் குறுக்கே பேசவில்லை. பங்காளிகளைப் பற்றியும் சாமியைப் பற்றியும் சொல்ல நான் எட்டுப் பத்து வாக்கியம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவள் பேசப் பேச அதில் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே வந்தது. கடைசியில் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

“அவன் என்ன மாதிரி பாட்டுக் கேப்பான்?”

“அவர் பாட்டே கேக்க மாட்டாருப்பா.”

“ஒன்னுமேவா?”

“நியூஸ் கேப்பாரு.”

இதைவிடப் பெரிய குறையை அவள் சொல்லியிருக்க முடியாது. யோசிக்க வேண்டும் என்றேன். நிஜமாகவே கொஞ்சம் யோசித்தேன், கொஞ்சம் அவளைக் காக்கவைத்தேன். ஒரு மாதமாக என் காதுக்குப் பின்னால் நடந்ததற்கெல்லாம் அந்த இரண்டு நிமிடமாவது எனக்குச் சேர வேண்டும்.

சரி என்ற சொல்லை நான் பயன்படுத்தவில்லை. அதை வேண்டிய மட்டும் இறைத்துவிட்டேன். “வர்ற ஞாயித்துக்கெழம கூட்டிட்டு வா” என்றேன். “அவங்க அப்பா அம்மாவும் வரட்டும். அவங்ககிட்ட நான் சில விசயத்தத் திருத்திச் சொல்லோணும். உங்க பெரியப்பன்மார நான் பாத்துக்கறேன். அவனுக்கு ஒரே ஒரு நிபந்தன. எங்கூட ஒரு நாள் உக்காந்து பாட்டுக் கேக்கோணும். பிடிக்கோணும்னு இல்ல. உக்காந்தாப் போதும்.”

நான் நேராக ஸ்பீக்கர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தில் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் வந்தது. அது ஐயாயிரம், ஆறாயிரம் ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். மிகத் தெளிவாக இருந்தது.

இம்தியாஸ் கதவை லேசாகத் தட்டிவிட்டுத் தலையை நீட்டினார். “பாட்டே போடலையே சார். எது பிடிச்சிருக்குன்னு எப்படிச் சொல்வீங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் மிருதுளா துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

“பெருசையே குடுங்கண்ணா.”